மிச்சப் பொருள்களால் எழுந்த வீடு

பிரான்ஸ் நாட்டின் வடகிழக்கில் லொரேன் பகுதியில் அமைந்துள்ளது நான்சி நகரம். அந்நகரின் ஓரத்தில் உயர்ந்து நிற்கும் குன்றின் சரிவில், மரங்களுக்கு நடுவே, நீளமான ஒற்றைத் தள வீடு ஒன்று உள்ளது. எஃகுச் சட்டங்கள், அலுமினியத் தகடுகள், மரப் பலகைகள், அகன்ற கண்ணாடிச் சுவர் ஆகியவற்றால் ஆனது அது. கல் கொண்டு தடித்த சுவர் எழுப்பிப் பழகிய ஓர் ஊரில், 1954-ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் அந்த வீடு எழுந்தபோது, அதைக் கண்டவர்களுக்கு அது வீடாகவே தோன்றியிருக்காது.

அதைக் கட்டியவருக்கு அப்போது வயது 53. தம் வாழ்நாள் உழைப்பால் உருவாக்கிய தொழிற்சாலையை அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் இழந்திருந்தார். அத்தொழிற்சாலையில் எஞ்சிக் கிடந்த கட்டட உறுப்புகளைக் கொண்டே, மனைவி, மக்கள், நண்பர்கள் ஆகியோரின் துணையுடன், தம் குடும்பத்துக்கான வீட்டை அவர் அமைத்தார். அவர் பெயர் ழான் புரூவே. இருபதாம் நூற்றாண்டின் கட்டடக் கலை வரலாற்றில் அழியா இடம் பெற்ற அவர், கட்டடக் கலைப் பட்டம் எதையும் பெற்றவர் அல்லர். இரும்புப் பட்டறையிலிருந்து வந்தவர்.

1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி பாரீஸில் பிறந்த புரூவே, வளர்ந்தது நான்சியில். தந்தை விக்டர் புரூவே ஓவியர், சிற்பி. கண்ணாடிக் கலைஞர் எமில் காலேயின் நெருங்கிய நண்பர். காலேயின் தலைமையில் நான்சியில் கலைஞர்களும் கைவினைஞர்களும் ஒன்றுகூடி அமைத்த கலை இயக்கம் உலகப் புகழ் பெற்றது. அந்த இயக்கம் முறைப்படி தொடங்கப்பட்ட ஆண்டும் 1901-தான். 1904-இல் காலே மறைந்த பிறகு, இயக்கத்தின் தலைமையை ஏற்றவர் விக்டர் புரூவே. கலை என்பது செல்வர்களின் மாளிகைக்கு மட்டும் உரியதன்று, தொழிற்சாலையின் துணையோடு அது எல்லா வீடுகளுக்கும் சென்று சேர வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. அந்தக் கொள்கையை உணவோடு ஊட்டப்பெற்று வளர்ந்த பிள்ளை ழான்.

பொறியாளராக வேண்டும் என்பது அவரது விருப்பம். முதலாம் உலகப் போர் அதற்கு இடம் தரவில்லை. ஏழு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தின் வருவாய் சுருங்கிப் போனது. 15 வயதில் பாரீஸுக்கு அருகில் இருந்த எமில் ரொபேர் என்ற இரும்புக் கலைஞரின் பட்டறையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். உலையில் இரும்பைக் காய்ச்சுவதும் பட்டடையில் வைத்து அடிப்பதும் அவருக்குக் கல்லூரிப் பாடங்களாயின. பின்னர் பாரீஸில் சாபோ என்பவரிடமும் பயின்றார். கட்டாய ராணுவப் பணியை முடித்துவிட்டு, 1924-இல் நான்சியில் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மத்லேன் என்பவரை மணந்தார்.

தொடக்கத்தில் அவர் செய்தவை வீட்டு வாயில் கதவுகள், மாடிப்படிக் கைப்பிடிகள், விளக்குத் தாங்கிகள் போன்றவையே. ஆனால், விரைவிலேயே அவர் கவனம் சம்மட்டியிலிருந்து தகட்டுக்கு மாறியது. மெல்லிய எஃகுத் தகட்டைத் தகுந்த இடத்தில் மடித்தால், அது தடித்த இரும்புச் சட்டத்துக்கு இணையான வலிமை பெறும் என்பதை அவர் கண்டார். தகடு மடிக்கும் இயந்திரமும் மின்சாரப் பற்றவைப்புக் கருவியும் அவரது பட்டறைக்கு வந்தன. மோட்டார் வாகனங்களும் விமானங்களும் எவ்வாறு ஆக்கப்படுகின்றனவோ, அவ்வாறே நாற்காலியையும் கதவையும் வீட்டையும் ஆக்கலாம் என்ற எண்ணம் அங்குதான் வேர்விட்டது.

மாணவர் விடுதிகளுக்கும் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அவர் அறைகலன்கள் செய்து கொடுத்தார். அவர் வடிவமைத்த நாற்காலி ஒன்றைப் பார்த்தாலே அவரது சிந்தனை விளங்கிவிடும். உட்காருபவரின் எடையில் பெரும்பகுதியைத் தாங்குபவை பின்கால்கள். எனவே, அவற்றை மடித்த தகட்டால் அகலமாகச் செய்தார். முன்கால்களுக்கு அத்தனை சுமை இல்லை. அவற்றுக்கு மெல்லிய குழாய் போதும் என்று முடிவு செய்தார். வலிமை எங்கு தேவையோ அங்கு மட்டுமே பொருள் செலவிடப்பட வேண்டும் என்பதே அவர் கணக்கு. அழகு தனியாகச் சேர்க்கப்படவில்லை. அந்தக் கணக்கிலிருந்தே அது பிறந்தது.

1930-களில் கட்டடக் கலைஞர்களான பொதுவான், லோ ஆகியோருடன் இணைந்து அவர் மேற்கொண்ட பணிகள் குறிப்பிடத்தக்கவை. பாரீஸை ஒட்டிய கிளிஷி நகரில் 1935 முதல் 1939 வரை கட்டப்பட்ட மக்கள் இல்லம் அவற்றுள் தலையாயது. அதன் கீழ்த்தளம் காய்கறிச் சந்தை. மேல்தளம் கூட்ட அரங்கு. தேவைப்படும்போது மேல்தளத்தின் தரைப் பகுதிகளை விலக்கிவிடலாம். கூரையையும் நகர்த்தித் திறக்கலாம். சுமை தாங்காமல் சட்டகத்தில் தொங்கும் உலோக வெளிச்சுவர் அங்கு பயன்படுத்தப்பட்டது. இன்று உலகின் பெருநகரங்களில் உயர்ந்து நிற்கும் கண்ணாடிக் கோபுரங்களின் வெளிச்சுவருக்கு முன்னோடிகளுள் ஒன்று, ஒரு காய்கறிச் சந்தைக்காக எழுந்த இந்தச் சுவர்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. நாஜிப் படைகள் பிரான்ஸை ஆக்கிரமித்தன. புரூவே எதிர்ப்பு இயக்கத்தில் பங்குகொண்டார். நகரம் விடுதலை பெற்றபோது, 1944 செப்டம்பரில் நான்சியின் மேயர் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசியல்வாதி அல்லாத ஒரு பட்டறைக்காரரை அந்த இக்கட்டான வேளையில் நகரம் நம்பியது. 1945-இல் தேர்தல் நடக்கும் வரை அப்பொறுப்பில் இருந்த அவர், பின்னர் தம் பட்டறைக்கே திரும்பினார்.

போரினால் லொரேன் பகுதியில் வீடிழந்தவர்கள் ஏராளம். அவர்களுக்காக மறுகட்டமைப்பு அமைச்சகத்தின் வேண்டுகோளின்படி, பிரித்துப் பொருத்தக்கூடிய சிறு வீடுகளைப் புரூவே உருவாக்கினார். 6 மீட்டருக்கு 6 மீட்டர், 6 மீட்டருக்கு 9 மீட்டர் என இரு அளவுகள். நடுவில் கவட்டை போல் நிற்கும் எஃகுத் தாங்கி. அதன்மேல் உத்தரம். சுற்றிலும் மரப் பலகைச் சுவர்கள். ஆட்கள் தூக்கிச் செல்லக்கூடிய எடையில் ஒவ்வோர் உறுப்பும் இருந்தது. காலையில் லாரியில் வந்து இறங்கும் வீடு, ஒரே நாளில் குடிபுகத் தயாராகிவிடும். சிதைந்த தம் வீட்டின் அருகிலேயே, தம் மண்ணை விட்டு நீங்காமல், ஒரு குடும்பம் தங்குவதற்கு அது வழிசெய்தது.

1947-இல் நான்சியை அடுத்த மாக்செவில் என்ற ஊரில் புரூவே பெரிய தொழிற்சாலையை நிறுவினார். அங்கு வரைபவருக்கும் செய்பவருக்கும் இடையே சுவர் இல்லை. காலையில் தாளில் தோன்றிய கருத்து, சில நாள்களில் உலோகத்தில் மாதிரியாகிவிடும். அதைச் சோதித்து, குறை கண்டு, திருத்தி, மீண்டும் செய்வார்கள். செய்ய முடியாததை வரையக் கூடாது என்பது புரூவேயின் அசையாத விதி. கட்டடக் கலை பயின்ற இளைஞர்களும் தகடு மடிக்கும் தொழிலாளர்களும் ஒரே கூரையின்கீழ் ஒரே குழுவாக உழைத்தார்கள். வருவாயில் தொழிலாளர்களுக்கும் பங்கு உண்டு.

ஆயினும், அந்தத் தொழிற்சாலையின் கனவு முழுமையாக நனவாகவில்லை. ஆயிரக்கணக்கில் வீடுகளை ஆக்க வல்லதாக அது இருந்தது; ஆணைகள் அந்த அளவில் வரவில்லை. பாரீஸுக்கு அருகில் மூதோன் என்ற ஊரின் சரிவில் 14 வீடுகள் எழுந்தன. அவற்றில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். ஆப்பிரிக்காவில் பிரான்ஸின் ஆதிக்கத்தில் இருந்த பகுதிகளுக்காக வெப்பமண்டல வீடு ஒன்றை அவர் வடிவமைத்தார். இரட்டைக் கூரை, வெயில் மறைக்கும் தகடுகள், காற்றோட்டம் ஆகியவற்றுடன் கூடிய அந்த அலுமினிய வீடு விமானத்தில் கொண்டு செல்லப்பட்டது. 1949-இல் நியாமி நகரிலும் 1951-இல் பிராசவில் நகரிலும் மூன்று மாதிரி வீடுகள் நிறுவப்பட்டன. உள்ளூர்க் கட்டுமானத்தைவிடச் செலவு குறையவில்லை. திட்டம் அத்துடன் நின்றது.

தொழிற்சாலையை விரிவுபடுத்த முதலீடு தேவைப்பட்டது. அலுமினியத் தொழில்துறையின் விற்பனை நிறுவனம் பங்குதாரராக நுழைந்தது. நாளடைவில் அதன் கை ஓங்கியது. வடிவமைப்பு ஓரிடத்திலும் உற்பத்தி வேறிடத்திலும் நடக்க வேண்டும் என்பது புதிய நிர்வாகத்தின் போக்கு. எதை இணைத்ததால் அந்தத் தொழிற்சாலை தனித்துவம் பெற்றதோ, அதையே பிரிப்பது புரூவேயால் ஏற்க முடியாததாக இருந்தது. 1953-இல் அவர் வெளியேறினார். தம் பெயர் தாங்கிய தொழிற்சாலையில் அவருக்கே இடமில்லாமல் போனது. தொழிற்சாலையை இழந்தபோதே தம் தொழில் வாழ்வு முடிந்துவிட்டதாக அவர் முதுமையிலும் கருதினார் என்பதிலிருந்து அந்தக் காயத்தின் ஆழத்தை உணரலாம்.

அந்த நிலையில்தான் அவர் சரிவு நிலத்துக்கு வந்தார். கட்டடம் கட்டத் தகுதியற்றது என்று பிறர் ஒதுக்கிய நிலம் அது. செங்குத்தான சரிவில் பெரிய இயந்திரங்களைக் கொண்டு செல்ல இயலாது. ஆனால், ஆட்கள் தூக்கக்கூடிய எடையில் உறுப்புகளைச் செய்வதையே வாழ்நாள் கொள்கையாகக் கொண்டிருந்த ஒருவருக்கு அது பெரும் தடையாக இல்லை. சரிவின் ஓரிடத்தைக் குறுகலாகச் சமன்செய்து, அதன் நீளத்துக்கு வீட்டை நீட்டினார்.

மாக்செவில்லில் வெவ்வேறு திட்டங்களுக்காகச் செய்யப்பட்டு மிஞ்சிய உறுப்புகள் அங்கு வந்து சேர்ந்தன. வட்டத் துளைகள் கொண்ட அலுமினியத் தகடுகள், வேறு ஏதோ ஒரு கட்டடத்துக்கான சுவர்கள், கதவுகள், சட்டங்கள் எனப் பலவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு அவர் அடுக்கினார். ஒரே தொகுப்பாகத் திட்டமிடப்படாத பொருள்களிலிருந்து ஒரு வீட்டைப் பெறுவது, கைவசம் உள்ள காய்கறிகளைக் கொண்டு விருந்து சமைக்கும் இல்லத்தரசியின் திறமையைப் போன்றது. பொருளுக்கு ஏற்ப வீடு வளைந்தது. வீட்டுக்கு ஏற்பப் பொருள் வளையவில்லை.

வீட்டின் பின்புறம், சரிவை ஒட்டிய பக்கத்தில், நீண்ட அலமாரி ஒன்று சுவரைப் போல நெடுகச் செல்கிறது. ஒரு குடும்பத்தின் துணிமணிகளையும் புத்தகங்களையும் பாத்திரங்களையும் அது ஏற்றுக்கொள்கிறது. அதை ஒட்டிய நடைவழியிலிருந்து படுக்கையறைகள் பிரிகின்றன. அவை சிறியவை, தொடர்வண்டிப் பெட்டியின் தூங்கும் அறைகளை நினைவூட்டுபவை. சிறிய அறைகளால் மிச்சமான இடம் முழுவதும் குடும்பத்தினர் கூடும் கூடத்துக்குத் தரப்பட்டது. அந்தக் கூடத்தின் முன்புறம் பெரிய கண்ணாடிச் சுவர். அதன் வழியே சூரிய ஒளி உள்ளே நிறைகிறது. கீழே பள்ளத்தாக்கும் நகரமும் விரிகின்றன. மேலே மெல்லிய மரப் பலகைக் கூரை, சற்றே வளைந்து அமர்ந்திருக்கிறது.

அந்த வீடு நீண்ட காலம் நிற்க வேண்டும் என்று அவர் எண்ணிக் கட்டவில்லை. ஒரு பத்தாண்டு தாங்கினால் போதும் என்பதே அவர் மதிப்பீடு. வீடு என்பது தலைமுறைகளுக்கான நினைவுச் சின்னமாக இருக்க வேண்டியதில்லை, வாழ்பவர்களின் தேவை தீர்ந்ததும் பிரித்து எடுத்துச் செல்லப்படலாம், நிலத்தில் தழும்பு எதையும் விட்டுச் செல்லக் கூடாது என்று கருதியவர் அவர். ஆனால், அவரும் மனைவியும் வாழ்நாளின் எஞ்சிய காலத்தை அங்கேயே கழித்தார்கள். இன்று அது பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம். நான்சி நகரின் உடைமையாகிவிட்ட அதைப் பார்வையாளர்கள் கோடைக்காலத்தில் சென்று காண்கின்றனர்.

தொழிற்சாலை போனபின் புரூவே முடங்கிவிடவில்லை. 1954-ஆம் ஆண்டின் கடுங்குளிரில் பாரீஸ் தெருக்களில் வீடற்றவர்கள் மடிந்தபோது, பியேர் என்ற பாதிரியார் வானொலி வழியே நாட்டின் மனசாட்சியைத் தட்டி எழுப்பினார். அவருக்காக ஏழைக் குடும்பம் வாழத்தக்க வீடு ஒன்றைப் புரூவே வடிவமைத்தார். நடுவில் சமையலறையும் குளியலறையும் அடங்கிய எஃகுப் பெட்டகம். அதுவே கூரையின் உத்தரத்தைத் தாங்கும் தூணும் ஆகும். 1956 பிப்ரவரியில் பாரீஸில் சேன் நதிக்கரையில், மக்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஏழு மணி நேரத்தில் அந்த வீடு எழுந்தது.

ஆனால், அது ஏழைகளைச் சென்றடையவில்லை. சமையலறையும் குளியலறையும் வெளிச்சுவரையொட்டி அமையாமல் வீட்டின் நடுவில் இருந்தது விதிகளுக்குப் பொருந்தவில்லை. அதிகாரப்பூர்வ ஒப்புதல் கிடைக்காததால் பெருமளவு உற்பத்தி நடைபெறவில்லை. தெருவில் குளிரில் கிடப்பதைத் தடுக்க இயலாத விதிகள், அதற்கு மாற்றாக வந்த வீட்டைத் தடுக்க வல்லவையாக இருந்தன.

பின்னாளில், தொடர்வண்டிப் பெட்டிகள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் கட்டடப் பிரிவில் அவர் பணியாற்றினார். 1957 முதல் பாரீஸின் தேசியத் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் பேராசிரியராகப் பாடம் நடத்தினார். கரும்பலகையில் அவர் விரைவாக வரையும் படங்களைக் காண்பதற்காகவே மாலை நேரங்களில் அரங்கம் நிறைந்தது. பட்டம் பெறாத ஒருவர், பட்டம் பெற்றவர்களுக்கும் ஆசிரியரானார்.

1971-இல் பாரீஸில் அமையவிருந்த மாபெரும் கலை, பண்பாட்டு மையத்துக்கான பன்னாட்டுப் போட்டியின் நடுவர் குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். 681 வடிவமைப்புகள் வந்திருந்தன. அவற்றுள், நாற்பது வயதை எட்டாத ரென்சோ பியானோ, ரிச்சர்ட் ரோஜர்ஸ் ஆகியோர் அனுப்பிய துணிச்சலான எஃகுக் கட்டடத்தை அக்குழு தேர்ந்தெடுத்தது. இன்று பொம்பிதூ மையம் என்று உலகம் அறியும் கட்டடம் அதுதான். மாக்செவில்லில் அறுபட்ட இழை, அடுத்த தலைமுறையின் கையில் மீண்டும் இணைந்தது எனலாம். 1981-இல் ஐரோப்பாவின் மதிப்புமிக்க எராஸ்மஸ் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 1984 மார்ச் 23-ஆம் தேதி, நான்சியில் அவர் மறைந்தார்.

அவர் வாழ்வின் பெரிய முரண் அதன்பிறகுதான் தொடங்கியது. பள்ளிகளுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் மலிவாகச் செய்து கொடுக்கப்பட்ட அவரது நாற்காலிகளும் மேசைகளும், இன்று ஏலக் கூடங்களில் பெருஞ்செல்வர்கள் மட்டுமே வாங்கத்தக்க விலைக்குப் போகின்றன. பிராசவில் நகரில் நிறுவப்பட்ட வெப்பமண்டல வீடுகளுள் ஒன்று ஆப்பிரிக்காவிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டு, 2007-இல் நியூயார்க்கில் ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. எளியோருக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்று எண்ணி உலோகத்தை மிச்சப்படுத்தியவரின் படைப்பு, எளியோர் எட்ட முடியாத உயரத்துக்குச் சென்றுவிட்டது.

இந்த முரண் நமக்குப் புதியதன்று. புரூவேயின் நண்பரும் போர்க்காலத்தில் அவருடன் இணைந்து பிரித்துப் பொருத்தும் வீடுகளை வடிவமைத்தவருமான பியேர் ஜன்னரே, தம் உறவினர் லெ கார்பூசியேவுடன் சண்டீகர் நகரை உருவாக்க இந்தியா வந்தவர். சண்டீகரின் அரசு அலுவலகங்களுக்காகவும் கல்லூரிகளுக்காகவும் அவரது வழிகாட்டலில் நம் தச்சர்கள் செய்த மர நாற்காலிகள், பழுதானபோது கழிவுப் பொருளாகக் குறைந்த விலைக்கு ஏலம் விடப்பட்டன. அவையே பின்னர் வெளிநாட்டு ஏலங்களில் பல லட்சம் ரூபாய்க்கு விற்பனையானதைக் கண்ட பிறகுதான் நாம் விழித்துக்கொண்டோம்.

பொருளின் மதிப்பை ஏலத் தொகையால் அளப்பதற்குப் பழகிவிட்டோம். புரூவேயின் அளவுகோல் வேறு. ஒரு நாற்காலி எத்தனை மாணவர்களைத் தாங்கியது, ஒரு வீடு எத்தனை குடும்பங்களை மழையிலிருந்து காத்தது என்பதே அவர் கேட்ட கேள்வி. அந்தக் கேள்வியின்படி பார்த்தால், அவர் பெற்ற வெற்றிகள் குறைவு. அவர் நினைத்த ஆயிரக்கணக்கான வீடுகள் எழவில்லை. அதற்குக் காரணம் அவர் திறமையின் குறையன்று. முதலீட்டின் பொறுமையின்மையும், விதிகளின் இறுக்கமும், சிந்திக்கும் மூளையையும் செய்யும் கையையும் பிரித்துவைப்பதே திறமையான நிர்வாகம் என்ற எண்ணமுமே காரணங்கள்.

அந்த எண்ணம் இன்றும் மாறிவிடவில்லை. வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் போரிலும் வீடிழக்கும் மக்கள் ஆண்டுதோறும் பெருகிவரும் காலம் இது. ஒரே நாளில் பொருத்தி, தேவை முடிந்ததும் பிரித்து, வேறோரிடத்தில் மீண்டும் நிறுவக்கூடிய கண்ணியமான வீடு எப்படி இருக்க வேண்டும் என்ற விடையை 80 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பட்டறைக்காரர் செய்தே காட்டிவிட்டார். அந்த விடையை அருங்காட்சியகத்திலும் செல்வர்களின் தோட்டங்களிலும் வைத்துவிட்டு, வீடிழந்தவர்களுக்கு இன்றும் நாம் கூடாரத்தைத்தான் நீட்டுகிறோம்.

நான்சியின் குன்றுச் சரிவில் நிற்கும் அந்த வீடு, தோல்வியுற்ற ஒருவர் ஒதுங்கிய இடமன்று. பிறருக்காக எண்ணியதைத் தாமே வாழ்ந்து சோதித்துப் பார்க்கும் நேர்மை அதில் இருக்கிறது. அடுத்தவருக்கு வீடு வடிவமைப்பவர்கள், அதை ஒப்புதல் செய்பவர்கள், அதற்கு நிதி ஒதுக்குபவர்கள் என அனைவரும் தாம் அந்த வீட்டில் குடும்பத்தோடு குடியிருப்போமா என்று ஒருமுறை தம்மைக் கேட்டுக்கொண்டால் போதும். ஏழைகளுக்கான வீடுகளின் தரம் தானாகவே உயரும்.